ட்ரெடீகரின் இன்னொரு சாம்பியன்

1978-இல் ஸ்னூக்கரின் இரண்டு உலகப் பட்டங்களும் ஒரே ஊருக்குப் போயின. ஷெஃபீல்டில் நடந்த தொழில்முறை உலக சாம்பியன்ஷிப்பை ரே ரியர்டன் வென்றார். அது அவருடைய ஆறாவது பட்டம். அதே ஆண்டு மால்டாவில் நடந்த அமெச்சூர் உலக சாம்பியன்ஷிப்பை வென்றவர் கிளிஃப் வில்சன். தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்கு ஒன்றின் உச்சியில் இருக்கும் ட்ரெடீகர்தான் இருவருக்கும் சொந்த ஊர். ரியர்டன் பிறந்தது 1932 அக்டோபரில், வில்சன் 1934 மே மாதத்தில். ஸ்னூக்கர் பார்க்கிற எவருக்கும் ரியர்டனைத் தெரியும். வில்சன் பெயரைச் சொன்னால் விவரம் தெரிந்தவர்களும் கொஞ்சம் யோசிப்பார்கள். நான் ட்ரெடீகருக்குப் போனது அந்த வில்சனுக்காக.

ட்ரெடீகருக்கு இப்போது ரயில் கிடையாது. கார்டிஃபிலிருந்து பக்கத்துப் பள்ளத்தாக்கின் எபூ வேல் வரை ரயிலில் போய், அங்கிருந்து மலையைத் தாண்டி இறங்கவேண்டும். எபூ வேல் பாதையிலும் 1962-இல் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2008-இல்தான். ரிஸ்கா, கிராஸ்கீஸ், நியூபிரிட்ஜ் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தாண்டத் தாண்டப் பள்ளத்தாக்கு நெருங்கி வந்துகொண்டே இருக்கிறது. இரண்டு பக்கமும் சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். கரி அள்ளிய இடங்களையெல்லாம் புல் மூடிவிட்டதால், தெரியாதவர்கள் பார்த்தால் எப்போதும் பச்சையாகவே இருந்த மலை என்று நினைத்துவிடுவார்கள்.

லான்ஹிலெத்தில் 1906-இல் கட்டிய சுரங்கத் தொழிலாளர் மன்றம் இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. அதைத் தாண்டியதும் கூம் என்ற கிராமம். ரயில் அங்கே நிற்காது. 2000, 2003, 2018 என்று மூன்று முறை உலக சாம்பியனான மார்க் வில்லியம்ஸ் இந்தக் கூமில் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகன். 2025-இல் ஐம்பது வயதில் மறுபடி இறுதி ஆட்டம் வரை போனார். சற்று மேற்கே, டிர்-இ-பெர்த்தில் பிறந்த டக் மவுன்ட்ஜாயும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்தான். 1976-இல் அமெச்சூர் உலகப் பட்டம் அவருக்கு. அதற்கடுத்த போட்டி 1978-இல். அதுதான் வில்சனுடையது. ஒரு காரில் ஒரே பகலில் சுற்றிவிடக்கூடிய இந்த நிலத்துண்டிலிருந்து இத்தனை பேர் வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்கான காரணம் ஒவ்வொரு ஊரிலும் செங்கல்லும் கல்லுமாக நிற்கிறது.

தொழிலாளர்கள் தங்கள் வாரக் கூலியிலிருந்து சில பென்ஸ் கொடுத்து எழுப்பிய மன்றங்களைத்தான் சொல்கிறேன். முதலாளி தந்த நன்கொடை என்று ஒரு கதவில் எழுதியிருந்தாலும், அதை ஆண்டுக்கணக்கில் நடத்தியது தொழிலாளியின் காசு. நூலகம், வாசக அறை, கூட்ட அரங்கு, அதோடு பில்லியர்ட்ஸ் அறை. பூமிக்கடியில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு வெளிச்சமும் கணப்பும் கூட்டாளிகளும் உள்ள ஓர் இடம் வேண்டும். குளிர்காலத்தில் இந்தப் பக்கம் நான்கு மணிக்கே இருட்டிவிடும், மழையோ விடாது. ஒரு ஸ்னூக்கர் மேசை பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம். அடியில் கனமான கற்பலகை. எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் எடை. எந்தத் தொழிலாளி வீட்டிலும் அதை வைக்க இடமும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை. ஊர் சேர்ந்து வாங்கினால்தான் உண்டு.

ட்ரெடீகர் எல்லாவற்றையும் சேர்ந்து வாங்கிய ஊர். 1890-இல் இங்கே தொடங்கிய மருத்துவ உதவிச் சங்கத்தில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு பங்கைக் கட்டினார்கள். பதிலுக்குக் குடும்பம் முழுவதற்கும் மருத்துவர், மருந்து, மருத்துவமனை. ஊரில் ஏறக்குறைய எல்லாருமே அதன் பாதுகாப்பில் இருந்தார்கள். இந்த ஊரில் பிறந்து, பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குள் போய், தொழிலாளர் மன்ற நூலகத்தில் படித்து வளர்ந்த அனைரின் பெவன்தான் பிறகு சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் முழுமைக்கும் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கிவைத்தார். 1920-களில் இங்கே மருத்துவராக வேலை பார்த்த ஏ. ஜே. க்ரோனின் பின்னாளில் அந்த அனுபவத்தை நாவலாக்கினார்.

ஊருக்குள் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது வட்டச் சதுக்கத்தின் நடுவே நிற்கும் மணிக்கூண்டு. 72 அடி உயரம், முழுக்க வார்ப்பிரும்பு. 1858-இல் நிறுத்தியது. இரும்பு உருக்கியே உண்டான ஊர் தன் கைவேலையை நடுத்தெருவில் காட்டிவைத்திருக்கிறது. பக்கத்து பெட்வெல்டி பூங்காவில், 1851 லண்டன் பெரும் பொருட்காட்சிக்காக வெட்டிய 15 டன் ஒற்றைக் கரித்துண்டு இருக்கிறது. அத்தனை பெரியதை லண்டனுக்குக் கொண்டுபோக முடியாமல் இங்கேயே விட்டுவிட்டார்கள். நான் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இதை உடையாமல் பெயர்த்தெடுக்க எத்தனை நிதானமும் கைப்பக்குவமும் வேண்டியிருந்திருக்கும்! சுரங்க வேலை முரட்டு வேலை என்று வெளியிலிருந்து சொல்லிவிடலாம். எங்கே அடித்தால் எங்கே பிளக்கும் என்று பார்க்கிற கண் அதற்கு வேண்டும்.

ரியர்டன் பதினான்கு வயதில் ட்டி ட்ரிஸ்ட் சுரங்கத்தில் சேர்ந்தார். அதே சுரங்கத்தில்தான் பெவனும் வேலை பார்த்திருந்தார். கியூ பிடிக்கும் கை காய்த்துப்போகக் கூடாது என்று ரியர்டன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கரி வெட்டினார். ஆட்டம் பழகியது தொழிலாளர் மன்றத்து மேசையில். 1950 முதல் 1955 வரை வேல்ஸ் அமெச்சூர் பட்டத்தை ஆறு முறை தொடர்ந்து வென்றார். அந்தத் தொடரை யாராலாவது அறுக்க முடியுமென்றால் அது பக்கத்துத் தெருப் பையனால்தான் முடியும் என்ற நிலை. வில்சன் 1951-இலும் 1952-இலும் பத்தொன்பது வயதுக்குட்பட்டோருக்கான பிரிட்டிஷ் சாம்பியன். 1956-இல் வேல்ஸ் பட்டமும் அவருக்கு வந்தது.

இருவரின் ஆட்டமும் இரண்டு துருவம். ரியர்டன் ஒவ்வொரு அடியையும் எடைபோட்டு ஆடுகிறவர். பந்து பாக்கெட்டில் விழும் என்று உறுதி இல்லாவிட்டால் வெள்ளைப் பந்தை எதிராளிக்கு உதவாத மூலையில் கொண்டுபோய் ஒளித்துவைப்பார். வில்சனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. சிவப்புப் பந்து தெரிந்தால் அடித்துவிட வேண்டும், மேசையின் அந்தக் கோடியில் இருந்தாலும் சரி. குனிவதும் அடிப்பதும் அடுத்த பந்துக்கு நகர்வதுமாக வேகம். இவர்கள் பந்தயப் பணம் வைத்து ட்ரெடீகரில் ஆடிய ஆட்டங்களைப் பற்றி ஸ்னூக்கர் வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்னால் அப்படி நகர முடியவில்லை. பின்னாளில் ஆறு முறை உலக சாம்பியனான ஒருவரும், அவருக்கு ஈடுகொடுத்த ஒருவரும், இருபது வயதுக் கையோடும் கண்ணோடும், சொந்த ஊர் ஜனங்கள் சூழ்ந்து நிற்க மோதியிருக்கிறார்கள். கேமரா இல்லை, வர்ணனை இல்லை. பார்த்தவர்கள் நிலக்கரித் தொழிலாளர்கள். அந்த வருடங்களில் உலகத்திலேயே மிக நல்ல ஸ்னூக்கர் சில மாலைகளில் இந்தச் சிற்றூரில் நடந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மதியம் ஊர்க்கோடியில் ஒரு கிளப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு மேசைகள். பெரியவர் ஒருவர் மேசைத் துணியைத் தயார் செய்துகொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டார். சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாமா என்றேன். தாராளமாக என்று ஸ்டூலைக் காட்டினார். முதலில் பிரஷ். ஆட்டம் தொடங்குகிற பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து நிற்கும் பக்கம் நோக்கி, ஒரே திசையில், நீள நீளமாக. திருப்பித் தேய்ப்பது கிடையாது. பச்சைத் துணியின் மேலிருக்கும் மென்மயிர் அத்தனையும் அந்த ஒரு திசைக்குப் படியவேண்டும். பிறகு, துணி தேய்க்கிற பெட்டி மாதிரியே கனமான இஸ்திரிப்பெட்டியை எடுத்து அதே திசையில் ஓட்டினார். என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, முன்னே தள்ளச் சொன்னார். வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்னால் இழுக்கச் சொன்னார். விரல் நுனியில் மெல்லிய சொரசொரப்பு. வேகமாக உருளும் பந்துக்கு இது தெரியாது. மெதுவாக, கடைசி மூச்சில் உருளும் பந்து இந்த மயிர் சாய்ந்த பக்கத்துக்குக் கேட்டு ஒரு நூலளவு விலகும். சைடு பாக்கெட்டை நோக்கி மெல்ல வைக்கும்போது அந்த நூலளவுதான் வித்தியாசம்.

முன்பெல்லாம் துணி இதைவிடத் தடிமன் என்றார். வில்சன் ஆடிய காலத்தைப் பற்றி எனக்கு ஒன்று அப்போதுதான் விளங்கியது. தடித்த துணியில் பந்து சீக்கிரம் களைத்துப்போகும். பன்னிரண்டு அடி தள்ளி நிற்கும் சிவப்பை வீழ்த்திவிட்டு, வெள்ளையை அடுத்த அடிக்குத் தோதாகவும் கொண்டுவர வேண்டுமென்றால் முழுத் தோள்பலத்தையும் கொடுத்து அடிக்கவேண்டும். அத்தனை பலம் கொடுத்தும் குறி தவறக் கூடாது. அந்த மேசைகளில் பாதுகாப்பாக ஆடுவதே புத்திசாலித்தனம் என்று எல்லாரும் ஒதுங்கிய காலத்தில் வில்சன் அடித்தே ஆடினார் என்றால், அது பொறுமையின்மை மட்டும் அல்ல. தன் கண்ணை அவர் அவ்வளவு நம்பினார்.

கிளப் சுவரில் ஆட்ட விதிகளும் கிளப்பின் கட்டுப்பாடுகளும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. 1875-இல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடிப்பார்த்த இந்த ஆட்டத்துக்கு, 1880-களில் நம் ஊட்டி கிளப்பில்தான் விதி எழுதி மாட்டினார்கள் என்று பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஊட்டி எவ்வளவு உயரம், அங்கே மழை எப்படி என்று விசாரித்தார்.

1957-இல் வில்சன் ஆட்டத்தை விட்டார். வயது இருபத்து மூன்று. அப்பா இறந்துபோயிருந்தார். பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ரியர்டன் குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஸ்டோக் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார். அடித்து ஆட எதிரில் ஆள் இல்லாமல் போயிற்று. இந்த மூன்றும் சொந்தக் காரணங்கள். நான்காவது காரணம் அவர் கையில் இல்லாதது. அதே 1957-இல் தொழில்முறை உலக சாம்பியன்ஷிப்பே நின்றுபோனது. கடைசியாக நடந்த போட்டிக்கு வந்தவர்கள் நான்கே பேர். ஜான் பல்மன் வென்றார். அதற்குப் பிறகு 1964 வரை உலகப் பட்டத்துக்கு ஆட்டமே இல்லை. பரிசுப் பணம் இல்லை, பார்க்க ஆள் இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லிக்கொண்டவர்கள் கிளப் கிளப்பாகப் போய் வேடிக்கை ஆட்டம் காட்டி வயிறு வளர்த்தார்கள். அந்த நிலையில் மருத்துவமும் படிப்பும் மேசையும் சேர்ந்து வாங்கத் தெரிந்த இந்த ஊருக்கும் ஓர் ஆட்டக்காரனுக்குச் சம்பளம் கொடுக்க வழி தெரியவில்லை. வில்சன் வேலைக்குப் போனார், ஏறக்குறைய பதினைந்து ஆண்டு கியூவைத் தொடவில்லை. இருபத்து மூன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை. கண்ணும் கையும் நன்றாக ஒத்துழைக்கிற வருடங்கள் அவை. அவர் பின்னால் வென்ற எதுவும் இந்த இழப்பை ஈடுகட்டியதாக நான் நினைக்கவில்லை.

ரியர்டனுக்கும் எல்லாம் லேசாக அமைந்துவிடவில்லை. ஸ்டோக்கில் சுரங்கம் இடிந்து மூன்று மணி நேரம் புதையுண்டு கிடந்தார். அசைய முடியாத அந்த நேரத்தில், மனசுக்குள் தம்பியோடு கோலிக்குண்டு ஆடிக்கொண்டே உயிரைப் பிடித்துவைத்திருந்ததாகப் பின்னால் சொன்னார். அதற்குப் பிறகு போலீஸில் சேர்ந்தார். ஆட்டத்தை மட்டும் விடவில்லை. 1967-இல் தொழில்முறைக்கு வந்தார். சரியான நேரம் அது. 1969-இல் பிபிசி கலர் டெலிவிஷனில் ‘பாட் பிளாக்’ தொடங்கியது. வண்ணப் பந்துகளைக் காட்ட வண்ணத் திரை வந்துவிட்டது. 1970-இல் ரியர்டன் முதல் முறை உலக சாம்பியன். பத்து வருடம் முன்னால் இறந்துகிடந்த தொழில் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

வில்சன் திரும்பி வந்தது இப்படிப் பெரிய கணக்கு எதுவும் போட்டு அல்ல. 1972-இல் வேலை பார்த்த இடத்து அணியில் ஓர் ஆள் குறைந்தது. வந்து நின்றால் போதும் என்று கூப்பிட்டார்கள், வந்தார். ஐந்தே ஆண்டில், 1977-இல், மறுபடி வேல்ஸ் சாம்பியன். அடுத்த ஆண்டு மால்டாவில் அமெச்சூர் உலகப் பட்டம். இறுதி ஆட்டத்தில் அவர் தோற்கடித்த ஜோ ஜான்சன் சாதாரண ஆள் அல்ல. 1986-இல் ஸ்டீவ் டேவிஸை 18–12 என்று வீழ்த்தித் தொழில்முறை உலக சாம்பியனான அதே ஜான்சன். வில்சனுக்கு அப்போது நாற்பத்து நான்கு. 1979-இல், நாற்பத்தைந்து வயதில், தொழில்முறை ஆட்டக்காரரானார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கிற வயது.

ட்ரெடீகருக்கும் எபூ வேலுக்கும் இடைப்பட்ட மேட்டில் பெவன் நினைவாக நான்கு சுண்ணாம்புக் கற்களை நட்டிருக்கிறார்கள். சுற்றியுள்ள மூன்று கற்கள் அவருடைய தொகுதியின் மூன்று ஊர்கள், நடுவிலிருக்கும் பெரிய கல் பெவன். காற்று ஆளைத் தள்ளுகிறது. தன் தொகுதி மக்களிடம் பெவன் இங்கிருந்துதான் பேசுவாராம். அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்குகள் ஒன்றையொன்று பார்க்காமல் தெற்கே இறங்கிப் போவது தெரிகிறது. ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவன் அடுத்த பள்ளத்தாக்குக்காரனைச் சந்திக்க வேண்டுமென்றால் ஒன்று மலை ஏறவேண்டும், இல்லை ஆட்டத்துக்குப் போகவேண்டும்.

திரும்பும்போது சர்ஹவி ஆற்றோரமாகவே இறங்கும் பஸ்ஸில் பிளாக்வுட் வரை வந்தேன். அங்கே இருக்கும் சுரங்கத் தொழிலாளர் மன்றம் இன்று நாடகமும் கச்சேரியும் நடக்கும் கலை அரங்கு. 1925-இல் அதைக் கட்டியபோது அது வெறும் ஒற்றை மாடி ஸ்னூக்கர் கூடம். 1936-இல்தான் நூலகம், வாசக அறை, நடனக் கூடம், மேடை எல்லாம் சேர்த்து விரிவாக்கினார்கள். முதலில் மேசை, அப்புறம்தான் மற்றது. இந்தப் பள்ளத்தாக்கின் ஆட்டக்காரர்களைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கட்டடம் எனக்குக் கிடைக்கவில்லை.

வில்சனின் தொழில்முறை வாழ்க்கையை ரியர்டனுடைய ஆறு பட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்து அளக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் உள்ளே நுழைந்தபோது எதிரில் நின்றவர்களில் பலர் மெல்லிய துணியில், டெலிவிஷன் விளக்குக்கடியில் ஆடிப் பழகியவர்கள். 1985 இறுதி ஆட்டத்தின் கடைசிப் பந்தை பிரிட்டனில் 1.85 கோடிப் பேர் பார்த்தார்கள் என்றால் ஆட்டம் எந்த உயரத்துக்குப் போயிருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கூட்டத்துக்குள் மங்கிக்கொண்டே வரும் பார்வையோடும் உடல்நலக் கோளாறுகளோடும் ஒரு நடுவயதுக்காரர் புகுந்து, பாணியை மாற்றிக்கொள்ளாமல், சிரித்த முகத்தோடு, வேகமாகவே அடித்தார். முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அவரிடம் தோற்றார்கள். 1988–89 தரவரிசையில் அவர் பதினாறாம் இடம். அந்தப் பதினாறுக்குள் இருந்தால் தகுதிச் சுற்று ஆடாமலே உலக சாம்பியன்ஷிப்பின் முதன்மைச் சுற்றில் இறங்கலாம். மேலே ஏறும் இளைஞர்கள் உயிரைக் கொடுத்துப் பிடிக்கிற இடம் அது. வில்சன் ஐம்பத்து நான்கு வயதில் பிடித்தார்.

1991-இல் மூத்தோர் உலக சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். எதிரில் ஆஸ்திரேலியாவின் எடி சார்ல்டன். நிதானத்துக்கும் தற்காப்புக்கும் பேர்போனவர், தொழில்முறையில் கால் நூற்றாண்டுக்கு மேல் ஊறியவர். அந்தப் பக்கம் ஒவ்வொரு பந்தையும் சுற்றிச் சுற்றி நடந்து பார்க்கிற ஆள், இந்தப் பக்கம் குனிந்ததும் அடிக்கிற ஆள். ட்ரெடீகரில் ரியர்டனோடு பழகிய அதே மோதல்தான், நாற்பது வருடம் கழித்து வேறு முகத்தோடு. கடைசி ஃபிரேம் வரை போயிற்று. 5–4 என்று வில்சன் வென்றார்.